சொறிமருந்தில் ஊற்றிய கஞ்சி

தோழிகளே, இன்று நான் செய்த கூத்தைக் கேளுங்கள். படித்துவிட்டு ஹாஸ்டல் கூட்டாளிகள் எல்லோருக்கும் அனுப்புங்கள்.

என் பத்து மாதப் பயலுக்கு உடம்பெல்லாம் சொறி. தென்காசி கம்பவுண்டர் மருந்தெண்ணெயையும் சோப்பையும் தண்ணீரில் கலக்கி, பால் மாதிரி ஒரு பாட்டில் கொடுத்திருந்தார்.

தடவினால் வழிந்தோடியது. சேலைக்கு விறைப்புத் தரும் கஞ்சி இதற்கும் உதவாதா என்று, ஆறிய வடிகஞ்சியை ஊற்றிக் குலுக்கினேன். கெட்டியானது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இன்று காலை அவசரத்தில் குலுக்காமலே சரித்துத் தேய்த்தேன். பிள்ளை வீறிட்டான். தொடை நெருப்பாய்ச் சிவந்தது. பாட்டிலைப் பார்த்தால் மேலே தனி எண்ணெய், கீழே கலங்கல் தண்ணீர்! தண்ணீர் கலக்காத மருந்தெண்ணெயையே பிள்ளை மேல் தேய்த்திருக்கிறேன்.

எங்கள் மேலகரத்திலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு ஓடினேன். கம்பவுண்டர் தொடையைக் கழுவிவிட்டு, “என்னத்தம்மா ஊத்துனிய?” என்றார்.

“கஞ்சி, அண்ணாச்சி. ஒட்டி நிக்கும்னு...”

“நல்லா நின்னுச்சு போங்க! சீசன்ல குத்தாலத்துல கூட்டம் நெருக்குனா நம்ம வீட்டாளுக ஒண்ணாச் சேந்துக்கிடுதோம்லா? கஞ்சி நெருக்குனா எண்ணெத் துளியும் அப்படித்தான் ஒண்ணுகூடி மேல ஏறிரும். அளவா எது சேக்கணுமோ அத நான் சேக்க மாட்டனா? ஆமா, நீங்க என்ன படிச்சிருக்கிய?”

“எஸ்.எஸ்.எல்.சி.” என்று சொல்லிவிட்டேன்.

சிவப்பு அடங்கிவிட்டது, பிள்ளை தூங்குகிறான். என்னோடு கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கியவர்களில் யாராவது இதைவிடப் பெரிய மடத்தனம் செய்திருந்தால், தயவுசெய்து உடனே எழுதுங்கள்.