மத்தியானம் மெயினை ஆஃப் பண்ற ஊர்ல ஒரு கம்பைலர்

கம்ப்யூட்டர் வேலையை விட்டுட்டு லாஸ்பேட்டை வீட்டுல உட்கார்ந்த முதல் மாசமே என் வீட்டுக்காரர் சொல்லிட்டாரு, "நீ எங்கயாவது வேலைக்குப் போயேன், என்னால முடியல." மிக்ஸி சத்தத்துக்கு ஒரு சண்டை, பேப்பர்காரன் லேட்டா வந்ததுக்கு ஒரு சண்டை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலதான் இருக்கும், அதை நான் மறைக்கல. அதனால முத்தியால்பேட்டையிலிருந்து என் ஸ்கூல் தோழி போன் பண்ணி, "ஏய், உனக்குப் பழைய யூனிக்ஸ் தெரியும்ல?"ன்னு கேட்டப்ப, என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். வண்டிச் சாவியை அவரே எடுத்துக் கையில குடுத்தாரு.

தோழி தோல் பை தைக்கிற ஒரு சின்னப் பட்டறை நடத்துறா. அவ வீட்டுக்காரரும் அவ அண்ணனும் சேர்ந்து ஆரம்பிச்சது. வீட்டுக்காரர் மவுத்தான பிறகு இவதான் எல்லாம். அண்ணனுக்குப் பாதிப் பங்கு, ஆனா அவரு இருக்கிறது பாரிஸ்ல. பட்டறை நடுவுல ஒரு கட்டிங் மெஷின். பிரான்ஸ்ல இழுத்து மூடின ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து செகண்ட் ஹாண்ட்ல வாங்கி, கப்பல்ல வந்து இறங்கினது. மேஜையில தோலை விரிச்சா கத்தி தானா ஓடி ஒவ்வொரு துண்டா வெட்டித் தரும். கத்தியை ஓட்டறது பக்கத்துல குந்தியிருக்கிற ஒரு பழைய கம்ப்யூட்டர், யூனிக்ஸ்ல ஓடற பெட்டி.

இப்ப அவளுக்கு ஒரு நல்ல ஆர்டர் வந்திருந்துச்சு, தோள்ல குறுக்கா மாட்டற நீள வார் வெச்ச பை. மெஷின் வாரை வெட்ட மாட்டேங்குது. இவ்வளவு நீளத்துக்கு மேல வெட்டாதேன்னு ப்ரோக்ராம்லயே ஒரு நம்பர் எழுதி வெச்சிருக்கு. அந்த நம்பரை மாத்தணும், மாத்தினதைத் திரும்பக் கம்பைல் பண்ணணும், அதாவது நாம எழுதினதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தணும், அவ்வளவுதான் வேலை. அப்படி மாத்தித் தர்ற ப்ரோக்ராம்தான் கம்பைலர்.

"சனிக்கிழமை அண்ணன் வராருடி. அதுக்குள்ள இது வெட்டலன்னா மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டுட்டு, ஷெட்டை ஜிம்முக்கு வாடகைக்கு விடப் போறாராம். ஜிம்மாம்! நான் எங்கடி போவேன்? வீட்டுல உட்கார்ந்து மருமவளோட சீரியல் பார்க்கவா?" அவ சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா தோல் துண்டை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டே இருந்தா.

"ஒரே ஒரு நம்பர்தானே, டீ ஆறதுக்குள்ள முடிச்சுடறேன்"னேன். என் வாயை என்னன்னு சொல்றது.

முதல்ல கீபோர்டே எதிரி. ஃப்ரெஞ்சு கீபோர்டு, ஏ-வைத் தட்டினா க்யூ விழுது. பெட்டி பேசறதும் ஃப்ரெஞ்சுதான். எனக்கு அதுல வணக்கம் சொல்ற போன்ழூர் தவிர ஒண்ணும் தெரியாது. தோழிக்கு ஸ்கூல்ல படிச்ச ஃப்ரெஞ்சு இன்னும் கரையாம இருந்துச்சு. நான் தட்டறது, அது திட்டறது, இவ படிச்சு அர்த்தம் சொல்றது. "இந்த வசதியெல்லாம் காசு குடுத்து கம்பைலர் வாங்கினவங்களுக்குத்தானாம். நீ வாங்கலியாம்." அந்தக் காலத்துல யூனிக்ஸ் விக்கிறவங்க கம்பைலரைத் தனியாத்தான் வித்தாங்க. பெட்டியோட சும்மா குடுத்தது ஒரு அரைகுறை, அரதப்பழசான சி மொழி மட்டும்தான் அதுக்குப் புரியும். மெஷின் ப்ரோக்ராமோ கொஞ்சம் புதுசான சி-ல எழுதினது. சரி, இலவசமா கிடைக்கிற கம்பைலரோட பழைய வெர்ஷன் ஒண்ணை நானே இதுல கட்டிடறேன்னு முடிவு பண்ணேன்.

"கம்பைலரைச் செய்யறதுக்கு என்ன வேணும்?"ன்னு கேட்டா.

"கம்பைலர் வேணும்."

"பைத்தியமாடி நீ?"

"பாலை உறை ஊத்த ஒரு ஸ்பூன் தயிர் வேணும்ல? அந்த மாதிரி." அந்த அரைகுறையை வெச்சு ஒரு கம்பைலர் கட்டணும். அதை அவ்வளவா நம்ப முடியாது. அதை வெச்சு அதே கம்பைலரைத் திரும்பக் கட்டணும். அதை வெச்சு மூணாவது தடவை. ரெண்டாவதும் மூணாவதும் அச்சு அசலா ஒண்ணா இருந்தாத்தான் வேலை சுத்தம். தோழி உடனே பிடிச்சுக்கிட்டா. "புளிச்ச உறைமோர்ல ஊத்தின முதல் தயிரை நானும் நம்ப மாட்டேன்"னா.

லாப்டாப்லயிருந்து கேபிள் போட்டு எல்லாத்தையும் அனுப்பி, பெட்டியில தேதியைச் சரி பண்ணி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஓட விட்டேன். அந்தப் பெட்டி வேகத்துக்கு ஒரு நாளுக்கு மேல ஓடும். "மெயினை மட்டும் தொட்டுடாதடி தாயே"ன்னு நூறு தடவை சொல்லிட்டு, ஒரு பேப்பர்ல எழுதி சுவிட்சு மேல ஒட்டிட்டுத்தான் போனேன். ராத்திரி பூட்டும்போது நினைப்பா மெயினை விட்டுட்டுத்தான் போயிருக்கா.

புதன்கிழமை மத்தியானம் இவ என்ன பண்ணா? எங்க ஊர்ல ஒரு மணி ஆனா பாதிக் கடைங்க ஷட்டரை இறக்கிடும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நாலு மணிக்குத்தான் திரும்பத் திறக்கும். பெரியவங்க இதுக்கும் ஊரை ஆண்ட ஃப்ரெஞ்சுக்காரனைத்தான் கைகாட்டுவாங்க. இருபது வருஷமா ஒரு மணிக்கு மெயினை ஆஃப் பண்ணிட்டு ஷட்டரை இறக்கற கை. போன்ல மருமவகிட்டப் பேசிக்கிட்டே, நான் ஒட்டின பேப்பரோட சேர்த்து சுவிட்சைக் கீழ இழுத்துட்டா. யூபிஎஸ்ஸோ செத்துப் பல காலம்.

நாலு மணிக்கு வந்து பார்த்து நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, பெட்டியைத் திரும்ப ஆன் பண்ணி, நான் தட்டின கமாண்டை அப்படியே ஞாபகம் வெச்சுத் தட்டியிருக்கா. "விட்ட இடத்துலயிருந்து ஓடுதுடி"ன்னு போன்ல சொன்னப்ப எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு.

வியாழக்கிழமை காலையில போய்ப் பார்த்தா, முதல் கம்பைலரே முடியல. செஞ்ச ஃபைலையே திரும்பத் திரும்பச் செஞ்சுக்கிட்டிருக்கு, ராப்பகலா. கொஞ்ச நேரம் முழிச்சுட்டுத்தான் தேதியைப் பார்த்தேன். எழுபதாம் வருஷம், ஜனவரி ஒண்ணு! பெட்டிக்குள்ள இருக்கிற குட்டி பேட்டரி போயிடுச்சு, கரண்ட் போனா யூனிக்ஸ் தேதியை எண்ண ஆரம்பிக்கிற முதல் நாளுக்கே ஓடிடுது. எந்த ஃபைலைத் திரும்பச் செய்யணும்னு பெட்டி முடிவு பண்றது தேதியைப் பார்த்துத்தான். மூல ஃபைல் தொண்ணூறுகள்ல எழுதினது, அதுலயிருந்து இப்ப செஞ்சது எழுபதுல செஞ்சதாப் பதிவாகுது. காய் வாங்கறதுக்கு முன்னாடியே குழம்பு வெச்ச கணக்கா இருக்கே, இது பழசுன்னு தூக்கிப் போட்டுட்டு மறுபடியும் வைக்குது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. "ஒரு நாள் முழுக்கப் பாழ்! அறிவு இருக்காடி உனக்கு? எழுதி ஒட்டிட்டுப் போனேனே, கண்ணு எங்க இருந்துச்சு?" தையல் மெஷின் நாலும் நின்னு போச்சு, தைக்கிற பொண்ணுங்க எல்லாம் என்னையே பார்க்குதுங்க.

"நான் என்னடி பண்ணுவேன், ஒரு மணி ஆனா கை தானா மெயினுக்குப் போவுது"ன்னா. சொல்லும்போதே கண்ணுல தண்ணி. "போனா போவுது விடு. ஜிம்மே வரட்டும். நானும் வந்து எடை தூக்கறேன்." அப்புறம் ரெண்டு பேருக்கும் அடக்க முடியாத சிரிப்பு.

தேதியைச் சரி பண்ணி, பழசை அழிச்சுட்டு முதல்லயிருந்து ஆரம்பிச்சோம். இந்தத் தடவை நான் கீபோர்டைத் தொடல. அவளைத் தட்டச் சொன்னேன், என் விரலுக்கு அந்த ஏ-க்யூ இழவு ஒத்துவரல. வியாழன், வெள்ளி ரெண்டு மத்தியானமும் அவ வீட்டுக்கே போகல. டிபன் கேரியரைத் திறந்து வெச்சுக்கிட்டு, ஸ்க்ரீன்ல ஓடற ஒவ்வொரு வரிக்கும் இது என்ன, அது என்னன்னு என் பிராணனை வாங்கினா. பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிடுச்சு. வெள்ளி சாயங்காலம் ரெண்டாவதும் மூணாவதும் துளி வித்தியாசமில்லாம ஒத்துப்போச்சு. நம்பரை மாத்தினோம், கம்பைல் பண்ணோம், கத்தி மேஜை முழுக்க ஓடி நீளமா ஒரு வாரை வெட்டிக் குடுத்துச்சு. "அல்லாவே"ன்னு அவ அப்படியே ஸ்டூல்ல உட்கார்ந்துட்டா.

சனிக்கிழமை அண்ணன் வந்தாரு. நல்ல மனுஷன்தான், என்னைச் சின்ன வயசுலயிருந்து தெரியும். வாரு வெட்டறதை ஒரு தடவை பார்த்தாரு, இன்னொரு தடவை வெட்டச் சொல்லிப் பார்த்தாரு. அப்புறம் என்னைக் காட்டி தங்கச்சிகிட்டக் கேட்டாரு, "இவங்க செஞ்சு குடுத்தாங்க, சரி. நாளைக்கு வேற அளவு வந்தா? இவங்களுக்கு உடம்புக்கு முடியலன்னா? யாரு பார்ப்பா?"

நியாயமான கேள்விதான். அதுக்கே எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "ஏன், நான் எங்க போயிடப் போறேன், லாஸ்பேட்டையிலதானே..."ன்னு எழுந்தேன். தோழி என் தோளை அமுக்கி உட்கார வெச்சுட்டா.

"உன் உயரத்துக்கு எவ்வளவு நீளம் வேணும்ணே? அளவு சொல்லு."

அவரு ஆளு பனைமரம். தோள்லயிருந்து இடுப்பு வரைக்கும் டேப் பிடிச்சு ஒரு அளவு சொன்னாரு. இவ ப்ரோக்ராமைத் திறந்து ஒத்தை விரல்ல நம்பரை மாத்தினா. கம்பைலர் திட்டுச்சு. என் கை பரபரன்னுச்சு. இவ என் பக்கம் திரும்பக்கூட இல்ல. அது சொன்ன வரிக்குப் போய், அவசரத்துல அழிச்ச செமிகோலனைத் திரும்பப் போட்டு, மறுபடியும் ஓட விட்டா. கத்தி கிளம்பிடுச்சு.

அண்ணன் அந்த வாரைத் தோள்ல குறுக்கா போட்டுக்கிட்டு, போன் கேமராவுல தன்னையே பார்த்தாரு. "ஜிம்முக்காரனுக்கு நானே சொல்லிடறேன்"னாரு.

வெளியில வண்டிகிட்ட வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு தோழி சொன்னா, "திங்கக்கிழமையிலயிருந்து நீ வர வேணாம்டி. இனிமே நான் பார்த்துக்கறேன்."

"அதுக்குத்தானேடி இவ்வளவும்"னு சொல்லிட்டு வண்டியை எடுத்தேன். நல்லாத்தான் சொன்னேன். கருவடிக்குப்பம் தாண்டினதும் ஓரமா நிறுத்தி, கொஞ்ச நேரம் அழுதுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.