லயமே மணந்த கொத்தமல்லி

கொத்தமல்லியை வெறும் சட்டியில் போட்டு வறுக்கும்போது முதலில் ஈர மண் வாசம் போல ஒன்று எழும்பி, விதை பொரியத் தொடங்கியதும் அது மூக்கைத் துளைத்துக்கொண்டு போகும்; சிக்குன்குனியா காய்ச்சல் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்த ஆண்டில், காய்ச்சலைவிட அந்த வாசத்துக்குத்தான் நாங்கள் அதிகம் பயந்தோம்.

தெஹியோவிட்ட டவுன் கடைகளில் காய்ச்சல் கஷாயத்துக்குக் கொத்தமல்லி கிடைக்காமல் போகப்போகிறது என்று யாரோ பஸ்ஸில் சொன்ன பேச்சு, பஸ்ஸுக்கு முன்னாலேயே, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் 'லயத்துக்கு' வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் கடையில் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்கள். ஒரு பாக்கெட் வாங்கப் போன அம்மா, முன்னால் நின்றவள் இரண்டு வாங்கியதைக் கண்டு நான்கு கேட்டாள். அம்மாவுக்குப் பின்னால் நின்றவள் ஆறு கேட்டாள். "நாளைக்கு வருமோ தெரியா," என்று கடைக்கார நானா ஒரு வார்த்தை சொன்னதுதான் தாமதம், சாக்கே காலி.

லயத்தில் வந்து கேட்டால் ஒரு வீட்டிலும் கொத்தமல்லி இல்லையாம்! அம்மாவும் தன் பங்கைச் சேலைகளுக்கு அடியில் ஒளித்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவிடம், "எங்ககிட்ட ஏது, பாக்கியம்?" என்று கூசாமல் சொன்னாள். ஆனால் லயத்து ஒற்றையறை வீடுகளான 'காம்பராக்களின்' நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் கடைசி வீட்டுக்காரனுக்கும் நாக்கு ஊறும். வறுத்தால் வாசம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, கொத்தமல்லியைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டே காய்ச்சலில் முனகிய கெட்டிக்காரர்கள் நாங்கள்.

அப்போதுதான் பாக்கியம் அக்கா காய்ச்சலில் படுத்தாள். புருஷன் கொழும்பில் வேலை, கையில் பால்குடிக்கும் பிள்ளை. மூட்டுகளெல்லாம் பூட்டிக்கொண்டதில் பிள்ளையைத் தூக்கிப் பாலூட்டக்கூட அவளால் முடியவில்லை. பிள்ளை அழுவதும் அவள் அழுவதும் சுவருக்கு மேலாக வந்துகொண்டே இருந்தன. அம்மா சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பாக்கெட்டை இழுத்து என் கையில் திணித்தாள்.

"மானம் போனா போகுது, அடுப்பப் பத்த வைடி!"

கதவை அகலத் திறந்து வைத்து, ஊரறிய வறுத்தாள். சற்று நேரத்தில் மூன்றாம் வீட்டிலிருந்து ஒரு வாசம். அப்புறம் கோடி வீட்டிலிருந்து. அப்புறம் எது யார் வீட்டு வாசம் என்றே தெரியவில்லை. ஒளித்து வைத்த பெனடோல் மாத்திரையும் இஞ்சியுமாகப் பாக்கியம் அக்காவின் வாசலில் வந்து நின்ற பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் படுத்தபடியே சொன்னாள்: "யாருகிட்டயும் இல்லன்னீங்க, இப்ப லயமே மணக்குதே!"

கூரைத் தகரம் அதிரச் சிரித்தோம். எனக்கு அன்று வந்த சந்தோஷம் தீபாவளிக்குக்கூட வந்ததில்லை. மறுநாள் முதல் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் 'பிள்ளைக்காம்பராவின்' பெரிய பானையில் எல்லோருக்குமாகக் கொத்தமல்லித் தண்ணீர் கொதித்தது. எழும்ப முடிந்தவர்கள் முடியாதவர்களின் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். எந்த மருந்து கேட்டதோ, எங்கள் லயத்தில் படுத்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நடந்தார்கள்.

அந்த லயத்தை இடித்து இப்போது தனித்தனி வீடுகள் கட்டிவிட்டார்கள். அடுத்த வீட்டு இருமலைக் கேட்டுக்கொண்டு இனி யாரும் படுக்க வேண்டியதில்லை, நல்லதுதான். பாக்கியம் அக்காவின் அந்தப் பிள்ளை வளர்ந்து கேகாலையில் வேலை பார்க்கிறாள். தன் அம்மா எழும்ப முடியாமல் கிடந்த நாட்களில் தன்னைத் தூக்கி வைத்திருந்தது யார் என்று அவள் கேட்டால், அந்தப் பழைய லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியும் "நான்தான்" என்கிறாள். ஒருத்தி சொல்வதும் பொய்யில்லை.