ஆறு பெட்டியும் ஒரு நாற்காலியும்

என் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பழுதான லிஃப்டுக்கு முன்னால் போய் நின்றால் முதலில் கருவிப்பையைத் திறக்க மாட்டார். உள்ளே ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, மேலும் கீழுமாக இரண்டு தடவை போய் வருவார். பிறகு இறங்கி, "நாலாவது மாடி தாண்டறப்போ இடது பக்கம் ஒரு ரோலர் தேய்ஞ்சு கத்துது" என்பார். பிரித்துப் பார்த்தால் அதுதான் தேய்ந்திருக்கும். நான் பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. பொறுமை கிடையாது, வாய் நீளம், யாரையும் சட்டென்று மெச்சுகிற ரகமும் இல்லை. அப்படிப்பட்ட நானே அந்தக் காதுகளைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறேன்.

அவருக்கு வாழ்க்கைப்பட்ட என் அக்கா சரியான சினிமாப் பைத்தியம். படம் வந்த வாரமே பார்த்துவிட்டு, பார்க்காதவர்களைப் பிடித்து உட்காரவைத்துக் கதை சொல்வாள். அவள் வாயால் கேட்டுவிட்டு அந்தப் படத்துக்குப் போனால் படம் சப்பென்று இருக்கும். கண் அழுத்த நோய் வந்து நாலு வருடமாகப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது, போன வருடம் முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகும் ஒரு தடவை அவளைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனோம். பாதிப் படத்தில், "இப்ப யாருங்க வந்தது?" என்று அத்தானிடம் கிசுகிசுத்தாள். முன்வரிசை ஆள் திரும்பி, "படம் பாக்க விடுங்கம்மா" என்றான். இடைவேளையில் எழுந்து வந்தவள், அன்றோடு சினிமாப் பேச்சையே விட்டுவிட்டாள். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் டி.வி. போட்டாலும் உட்கார மாட்டாள். "எல்லாரும் ஒரே டப்பாக்குள்ள நெருக்கியடிச்சிட்டு நின்னு பேசுறாங்க. யாரு எங்க நிக்கறான்னே தெரியல. நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள். நான் அதை அவளுடைய அலுப்பு என்று விட்டுவிட்டேன். அத்தானோ அதைப் பழுது எங்கே இருக்கிறது என்று யாரோ வந்து சொன்ன மாதிரிக் கேட்டுக்கொண்டார். ஒரு சனிக்கிழமை காலை, "மாப்ளே, கிளம்பு. ஹோம் தியேட்டர் வாங்கணும்" என்று வந்து நின்றார்.

விழுந்துபோன தன் முன்பல்லைக் கட்டிக்கொள்வதற்காக அத்தான் ஒதுக்கி வைத்திருந்த பணம்தான் கையிருப்பு. அதற்குள் முடிக்க வேண்டும்.

முதல் கடையில் நீளமான ஒற்றைப் பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். டி.வி.க்குக் கீழே வைத்தால் போதுமாம், சத்தத்தைச் சுவரில் எறிந்து பின்னாலிருந்து வருகிற மாதிரிக் காட்டுமாம். அத்தான் பொறுமையாகக் கேட்டார். "எங்க வீட்டுல ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் பெரிய ஜன்னல். அந்தப் பக்கம் எறியற சத்தம் தெருவுக்குப் போயிடாதா?" கடைக்காரர் தலையைச் சொறிந்தார். இரண்டாவது கடையில் போட்டுக்காட்டிய சத்தத்தில் என் சட்டைப் பொத்தான் அதிர்ந்தது. எனக்குப் பிடித்திருந்தது. அத்தான் மட்டும், "எனக்கு இடி வேணாங்க, காலடி வேணும்" என்று எழுந்துவிட்டார்.

மூன்றாவது கடை ஒரு சந்துக்குள் இருந்தது. அங்கே மேல்தட்டில் தூசி படிந்து ஒரு பழைய செட் கிடந்தது. முன்னால் வைக்க மூன்று பெட்டி, பின்னால் வைக்க இரண்டு, கனத்த சத்தத்துக்குத் தரையில் ஒன்று. "எல்லாம் ஒயருங்க. இப்ப யாரும் இதைச் சீண்டறதில்ல" என்றார் கடைக்காரர். அத்தான் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டார். "ஆள் நடக்கற மாதிரி ஏதாவது போடுங்க. சத்தம் வர்ற பக்கம் விரல் நீட்டறேன். சரியான்னு என் மச்சான் பாப்பான்."

கண்ணாமூச்சி ஆடுகிற கிழவன் என்று கடையிலிருந்த நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் விரல் நகர நகரச் சிரிப்பு அடங்கியது. முன்னால், ஓரத்தில், தோளுக்குப் பின்னால் என்று சத்தத்தோடு ஒட்டிக்கொண்டே அந்த விரல் போனது. கட்டை அவிழ்த்துவிட்டு, "இது போதும்" என்றார். விலையும் பல்லுக்குள் அடங்கியது. ஒரு வாரத்துக்குள் பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரரும் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை அத்தான் வீட்டை லிஃப்ட் ஏறி இறங்குகிற கிணறு மாதிரிதான் நடத்தினார். தூக்குக்குண்டு, ரசமட்டம், அளவு நாடா எல்லாம் வெளியே வந்தன. அக்கா தடுக்கி விழக்கூடாது என்று ஒயரைத் தரையில் விடாமல், கதவுச் சட்டத்துக்கு மேலேயே சுற்றிக் கொண்டுபோனார். அக்காவை அவள் நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து அவள் காது எவ்வளவு உயரம் என்று அளந்தார்.

"கம்மல் வாங்கப் போறீங்களா?" என்றாள் அக்கா.

"பேசாம உக்காரு."

"கண்ணு தெரியாதவளுக்கு எதுக்குங்க இதெல்லாம்? அந்தப் பல்லைக் கட்டியிருந்தா சாப்பாடாவது ஒழுங்கா மென்னுருப்பீங்க. உங்களுக்காகப் பத்து நிமிஷம் உக்காருவேன். அதுக்கப்புறம் என்னை இதுக்குக் கூப்பிடவே கூடாது."

அத்தான் ஸ்குரூவை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். பத்து நிமிடம் கழித்து அவள் எழுந்துவிட்டால், பெட்டியோடு இந்த மனிதரையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது.

படம் ஆரம்பித்தது. தனி வீட்டில் ஒரு பெண், வெளியே மழை, யாரோ ஒருவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறான். நான் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. அத்தான் திரைப் பக்கமே திரும்பாமல் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் கல் மாதிரி இருந்தது. ஒன்பதாவது நிமிடமோ என்னவோ, அவள் கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க. அவன் இடது பக்கக் கதவைத் திறந்தான். என் இடது காதுக்கிட்ட வந்தான். அப்புறம் எப்படி வலது பக்கம் பின்னாடி நடக்கறான்? நடுவுல பறந்தானா?"

நானும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு எதுவும் வித்தியாசமாகக் கேட்டிருக்கவில்லை. அத்தான் எழுந்துபோய்ப் பின்சுவரைப் பார்த்து நின்றார். இடது கையைத் தூக்கினார், வலது கையைத் தூக்கினார், பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அவர் தொழிலில், எந்தக் கதவைப் பார்த்து நிற்கிறோமோ அதற்கு நம் இடது கைதான் இடது. முப்பது வருடப் பழக்கம். டி.வி.யைப் பார்த்து நின்று முன்பெட்டிகளை மாட்டினார், சரியாக வந்தது. பின்சுவரைப் பார்த்து நின்று பின்பெட்டிகளை மாட்டினார், நாற்காலியில் இருப்பவளுக்கு இடம் வலமாகிவிட்டது. கடையில் அத்தனை பேரை அசரவைத்த காது, வீட்டில் அவர் கவனமெல்லாம் அக்காவின் முகத்தில் இருந்ததால் இதைக் கோட்டை விட்டுவிட்டது.

"எனக்கே பழுது சொல்லிட்டா மாப்ளே" என்றார். அந்த ஓட்டைப் பல்லோடு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஒயரை மாற்றிச் செருகிவிட்டு வந்தார். "பத்து நிமிஷம் ஆயிடுச்சு. எழுந்துக்கறதுன்னா எழுந்துக்கோ" என்றார். குரலை எவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார் என்பது எனக்குத்தான் தெரியும்.

அக்கா புடவையைச் சரி செய்துகொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தாள். "முதல்லேர்ந்து போடுங்க."

இந்தத் தடவை அவன் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது அவள் தலை அவனோடு கூடவே திரும்பியது. முன்பு நிறுத்திய இடத்தையும் படம் தாண்டியது. திரையில் அந்தப் பெண்ணின் முகம் மட்டும்தான் தெரிந்தது. காலடிச் சத்தம் நின்றுவிட்டது. அக்கா மெதுவாக விரலை நீட்டி, தன் வலது தோளுக்குப் பின்னால் ஓர் இடத்தைக் காட்டினாள். "அங்க ஒளிஞ்சிட்டிருக்கான்" என்றாள்.

அவன் அந்தப் பக்கத்து அலமாரிக்குப் பின்னால் நிற்பதைப் படம் எங்களுக்குக் காட்ட இன்னும் ஒரு நிமிடம் ஆனது. நாலு கண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேர் கோட்டை விட்டதை இவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பிடித்துவிட்டாள். என் நீளமான வாய் சும்மா இருக்குமா?

"எப்படிக்கா கண்டுபிடிச்ச? யாருக்கா அவன்?" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பேசாம இருடா. படம் பாக்க விடு."

நான் வாயை மூடிக்கொண்டேன். அத்தான் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.