போர்கோ வெக்கியோவில் ரஜனியின் குரல்

பலெர்மோவில் என்ன பார்த்தாய் என்று வேலையிடத்தில் கேட்டார்கள். ஒரு மீன் கடை பார்த்தேன் என்றேன். சிரித்தார்கள். ஸ்டுட்கார்ட்டில் இருந்து சிசிலி வரைக்கும் போய், பெரிய தேவாலயத்தை வெளியே நின்று ஒருமுறை பார்த்ததோடு சரி. மிச்ச நேரமெல்லாம் ஒரு சந்தைத் தெருவில்தான் போனது. அந்தத் தெருவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நீங்களும் அந்தப் பக்கம் போகிற எண்ணத்தில் இருந்தால் பஸ், கடை விபரங்கள் இடையில் வரும், பிடித்துக்கொள்ளுங்கள்.

போனதற்குக் காரணம் ரஜனி. கிளிநொச்சியில் என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவள். நான் முதலே ஜேர்மனிக்கு வந்துவிட்டேன். அவள் சண்டை முடிந்த பிறகு கணவர் சிவத்தோடு இத்தாலிக்குப் போனாள். அதன் பிறகு எங்கள் நட்பு முழுக்கக் குரல்பதிவுகளில்தான். வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பேசி அனுப்புவாள். சின்னக் குரலில் பேசவே அவளுக்குத் தெரியாது, அந்த பஸ்ஸில் இருந்த முழுப்பேரும் கேட்டிருப்பார்கள். "எப்ப பாத்தாலும் வாறன் வாறன் எண்டுதான் சொல்லுறாய்" என்று ஒருநாள் கோபித்துக்கொண்டாள். போன ஒக்ரோபரில் ஒரு கிழமை லீவு எடுத்தேன். பள்ளிக்கூட விடுமுறைகள் தொடங்குவதற்கு முன் என்றால் விமானச் சீட்டு பாதிக்குப் பாதி மலிவு.

விமான நிலையம் நகரத்தில் இருந்து முப்பத்தைந்து கிலோமீற்றர். வாசலிலேயே பஸ் நிற்கும். நான் போனபோது ஆறரை யூரோ, ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. இடது பக்கம் இருங்கள், கடல் கூடவே வரும். வலது பக்கம் இருந்தால் மொட்டைப் பாறை மலைகள்தான். எனக்கு இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது. சாரதியிடம் 'பொலித்தேயாமா' என்று தாளில் எழுதிக் காட்டினேன். அவர் தலையாட்டினார். இடம் வந்ததும் பஸ்ஸை நிறுத்திவிட்டு முன்னால் இருந்தபடியே என்னைப் பார்த்துக் கை காட்டினார். அந்தப் பெயரில் உள்ள பெரிய வட்ட அரங்குக்கு முன்னால் ரஜனி நின்றாள். இருபது வருடத்துக்குப் பிறகு கண்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இவ்வளவு பெரிய பெட்டியோட ஏன் வந்தனி, மூண்டாம் மாடி, லிப்ட் இல்லை."

அவர்கள் இருப்பது சீசா என்ற பகுதியில். நெருக்கமான தொடர்மாடிகள், பல்கனி முழுக்கக் காயப்போட்ட உடுப்பு, கீழே ஒரு பாண் கடை, ஒரு முடி வெட்டுகிற கடை. பெட்டியைப் பாதிப் படி வரைக்கும் தூக்கித் தந்தவர் அந்த முடி வெட்டுகிறவர்தான், ஒரு வாடிக்கையாளரைப் பாதித் தலையோடு இருத்திவிட்டு வந்தார். சிவம் அண்ணை மேலே இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். மிகவும் அமைதியான மனிதர். என்னைப் பார்த்து, "வாங்கோ தங்கச்சி, பயணம் சுகமே?" என்று கேட்டார். அன்று இரவு அதற்குமேல் அவர் அதிகம் கதைத்ததாக நினைவில்லை. மிச்சத்தை ரஜனி சொன்னாள்.

போர்கோ வெக்கியோ சந்தையில் நினோ என்பவருக்கு ஒரு மீன் கடை இருக்கிறது. சிவம் அண்ணை ஒன்பது வருடமாக அங்கே பின்னால் நின்று மீன் வெட்டுகிறார். முன்னால் நின்று கூவி விற்பது நினோ. இப்போது நினோவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். போகும்போது சிவம் அண்ணையிடம் கடையை ஒப்படைத்துவிட்டு ஒன்று சொல்லியிருக்கிறார். தான் நடக்கத் தொடங்கும்போது கடை ஓடிக்கொண்டிருந்தால் அதைச் சிவமே வைத்திருக்கலாம், தனக்கு இனிக் காலில் நிற்க ஏலாது. ஓடாவிட்டால், கைபேசி உறை விற்க அந்த இடத்தை மனைவியின் தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்குத்தான். நாளை முதல் நாள்.

"நீ நல்ல நேரத்தில வந்திருக்கிறாய்" என்றாள் ரஜனி. சிவம் அண்ணை எனக்கு இன்னும் சொதி ஊற்றினார்.

வியாழக்கிழமை ரஜனிக்கு ஒரு சிஞ்ஞோரா வீட்டில், அதாவது ஒரு இத்தாலிய அம்மா வீட்டில், காலை வேலை. நான் தனியாக நடந்தே சந்தைக்குப் போனேன். பொலித்தேயாமாவில் இருந்து துறைமுகப் பக்கமாக பத்து நிமிட நடை. கண்ணாடிக் கடைகளும் விலையான சப்பாத்துகளும் திடீரென்று முடிந்து, ஒரு மூலை திரும்பினால் வேறு ஊர். தெருவுக்குக் குறுக்கே நீலத் தறப்பாள், அதன் கீழே தக்காளி, ஒலிவ், தொங்கும் இறைச்சி, பழைய குசினிக் கதிரைகளில் இருந்து கதை பேசும் கிழவர்கள். பெரிய சந்தை பார்க்க வேண்டுமென்றால் எல்லோரும் பல்லரோவுக்குத்தான் போகச் சொல்வார்கள். போங்கள், நல்ல இடம். போர்கோ வெக்கியோ சின்னது. ஆனால் இங்கே சாமான் வாங்குகிறவர்கள் அந்தத் தெருவிலேயே குடியிருக்கிறவர்கள். வீட்டுச் சப்பாத்தோடு இறங்கி வருகிறார்கள்.

சிவம் அண்ணையின் கடையைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. ஐஸின் மேல் சாளை வரிசையாக, நெத்தலி ஒரு குவியல், கணவாய், இறால், நடுவில் வாள் மூக்கை வானத்துக்கு நீட்டிய ஒரு பெரிய மீன் தலை. இப்படி அழகாக அடுக்கிய கடை அந்தத் தெருவில் வேறு இல்லை. அதே நேரம், சத்தமில்லாத கடையும் அது ஒன்றுதான். மற்ற எல்லோரும் தொண்டை கிழியக் கூவுகிறார்கள். பாட்டா சண்டையா என்று தெரியாத ஒரு கூவல். சிவம் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சனங்கள் வராமல் இல்லை. வந்து, நினோ எங்கே என்று கேட்டார்கள். பீனா என்ற ஒரு முதிய சிஞ்ஞோரா, நினோவிடம் நாள் தவறாமல் வாங்குகிறவராம், மீனைப் பார்த்தார், சிவம் அண்ணையைப் பார்த்தார். நினோவின் முழங்காலுக்காகப் பிரார்த்திப்பதாகச் சொன்னார். பிறகு இரண்டு கடை தள்ளிப் போய் வாங்கினார். கோபமோ வெறுப்போ ஒன்றும் இல்லை. மீன் வெட்டுகிறவரிடம் மீன் வாங்குவது அவருக்குப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் நான் கடலைமாவைப் பொரித்து பாணுக்குள் வைக்கிற பனெல்லே இரண்டு வாங்கிக்கொண்டு போனேன். ஒன்றின் விலை மூன்று யூரோ, வயிறு நிறையும், தேசிக்காய் பிழியச் சொல்லுங்கள். சாப்பிடும்போது, நீங்களும் ஒருக்கால் கூவிப் பார்க்கலாமே என்று கேட்டேன். அவர் பாணைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"நினோ கத்தினா மீன் விக்கிறான் எண்டு நினைப்பினம். நான் கத்தினா சண்டைக்கு வாறன் எண்டு நினைப்பினம், தங்கச்சி."



வெள்ளிக்கிழமை அங்கே மீன் நாள். அதை நம்பி அவர் விடியற்காலையில் மொத்தச் சந்தையில் கூடுதலாக எடுத்திருந்தார். ஒரு மணிக்கு ஐஸ் கரைந்து தண்ணீர் வழிகிறது, சாளை அப்படியே கிடக்கிறது. எதிரே மரக்கறி விற்கிற என்ஸோ இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தான். நல்ல மனதோடுதான் கொண்டுவந்தான். ஆனால் செத்த வீட்டில் கோப்பி கொடுக்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கொடுத்தான்.

பின்னேரம் நானும் ரஜனியும் பல்லரோவுக்குப் போனோம். சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கைகளில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கின்றன. கறிவேப்பிலை, சிவப்பரிசி மா, ஊர்த் தூள் எல்லாம் கிடைக்கும். கடைக்காரரோடு ரஜனி நாட்டு நடப்பெல்லாம் கதைத்து முடித்தாள். வெளியே வந்ததும் நான் சந்தையில் பார்த்ததைச் சொன்னேன். சிவம் அண்ணை வீட்டில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பஸ்ஸில் சீசா வரும்வரைக்கும் அவள் வாயே திறக்கவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை அவளுக்கு வேலை இல்லை. எங்களோடு வந்தாள், நினோவின் பிளாஸ்டிக் முன்னங்கியைக் கட்டிக்கொண்டாள், அது கணுக்கால் வரைக்கும் வந்தது. ஐஸுக்கு முன்னால் நின்று, "புவோன்ஜோர்னோ, சிஞ்ஞோரா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அது அவள் வேலை செய்கிற வீட்டுக் குரல். இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதே எனக்குத் தெரியாது, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலம் அப்படியே போனது. ஒருவரும் திரும்பவில்லை.

பிறகு ஒரு பூனை வந்தது. தறப்பாளுக்குக் கீழே பதுங்கி வந்து, ஓரத்துச் சாளை ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"எடியே கள்ளி, வைச்சிட்டுப் போடி!"

ரஜனி போட்ட சத்தத்தில் தெரு முழுக்க நின்றுவிட்டது. பக்கத்துக் கடைக்காரன் கூவலை நடுவில் விட்டான். மேல் பல்கனியில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பூனை மீனைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. என்ஸோ சிரிக்கத் தொடங்கினான், பிறகு கையைத் தூக்கி அந்த ஊர்ப் பேச்சில் ஏதோ சொன்னான். என்னவாம் என்று ரஜனி கேட்டாள்.

"இன்னொருக்கால் கத்தட்டாம்" என்றார் சிவம் அண்ணை.

அவள் ஒருமுறை அவரைப் பார்த்தாள், ஒருமுறை தெருவைப் பார்த்தாள். முன்னங்கியை இழுத்துக் கட்டினாள். "வாங்கோ, வாங்கோ, இப்ப வந்த மீன், கண்ணைப் பாருங்கோ, பூவைப் பாருங்கோ" என்று முழுத் தமிழில் தொடங்கினாள். பூ என்றால் எங்கள் பக்கத்தில் மீனின் செவுள்.

வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். பீனாவும் வந்தார். இவள் என்ன சொல்கிறாள் என்று சிவம் அண்ணையிடம் கேட்டார். அவர் மெல்லச் சொன்னார். ரஜனியின் சத்தத்தில் பீனாவுக்குக் கேட்கவில்லை. சிவம் அண்ணை கொஞ்சம் பலமாகச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் தங்களுக்கும் கேட்கவில்லை என்றார்கள். ரஜனி அடுத்ததைக் கூவினாள், அவர் அதை இன்னும் பலமாகச் சொன்னார். ஒன்பது வருடம் நினோவின் முதுகுக்குப் பின்னால் நின்ற மனிதர், நினோ கூவுகிற ஒவ்வொரு சொல்லும் அந்த ஊர்ப் பேச்சிலேயே அவருக்குள் இருந்தது. ரஜனி இரண்டு சொல் சொன்னால் அவர் பத்துச் சொல்லாக மொழிபெயர்த்தார். கொஞ்ச நேரத்தில் ரஜனி தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். அவர் நிறுத்தவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததையும் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார்.

பீனா அரைக் கிலோ சாளை வாங்கினார். முள்ளை எடுத்து விரித்துத் தரச் சொன்னார், உள்ளே பாண்தூளும் திராட்சை வற்றலும் வைத்துச் சுருட்டிச் சமைப்பார்களாம். சிவம் அண்ணை வெட்டிக்கொண்டும் கூவிக்கொண்டும் நின்றார். எல்லாம் விற்றது என்று சொல்ல மாட்டேன். பெரிய மீனில் பாதி மிஞ்சியது, நினோ இல்லையென்று திரும்பிப் போனவர்களும் உண்டு. ஆனால் சாளையும் நெத்தலியும் மத்தியானத்துக்கு முன்னமே முடிந்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் இருந்து நினோ என்ஸோவை அழைத்திருந்தார். என்ஸோ கைபேசியைக் கடைப் பக்கம் நீட்டிப் பிடித்தான். நினோ கனநேரம் கேட்டுவிட்டு, அந்தப் பெண் பிழையான இடத்தில் மூச்சு எடுக்கிறாள் என்றாராம். செவ்வாய்க்கிழமையும் வரச் சொல்லு என்றும் சொன்னாராம்.

ஞாயிறு முழுவதும் சிவம் அண்ணை நித்திரை. திங்கள் நிறைய மீன் கடைகள் பூட்டு, மீன் சாப்பிடவென்று போகிறவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள். அந்த நாளில் ரஜனி தன் சிஞ்ஞோராவோடு கதைத்து, கிழமையில் மூன்று நாள் காலை வேலையைப் பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டாள். வரும்போது மீன் கொண்டுவர வேண்டும் என்பது சிஞ்ஞோராவின் நிபந்தனை. இதை எழுதும்போது நினோ தடியோடு நடக்கிறார், கடைக்கு முன்னால் ஒரு கதிரையில் இருந்து எல்லாவற்றிலும் பிழை பிடிக்கிறார். கடை சிவம் அண்ணையிடம் இருக்கிறது.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நகர பஸ் சீட்டை ஏறுவதற்கு முன் சிகரெட் கடையில் வாங்குங்கள், ஏறியதும் மெஷினில் பதியுங்கள். சந்தைக்குச் சில்லறையோடு போங்கள். விற்கிறவர்களை முகத்துக்கு நேரே படம் எடுக்காதீர்கள், முதலில் ஏதாவது வாங்குங்கள், பிறகு அவர்களே எடுக்கச் சொல்வார்கள். ஒரே சந்தைக்கு இரண்டு மூன்று நாள் போங்கள். முதல் நாள் எனக்கும் அது வெறும் சத்தமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஒரு கடையில் சத்தம் குறைந்தால் ஏன் என்று கேட்கத் தோன்றியது. இத்தனை ஊர் சுற்றியும், இடம் பார்க்கிற அவசரத்தில் எனக்கு இது வாய்த்ததே இல்லை.

நான் வெளிக்கிட்டது செவ்வாய் மத்தியானம். கடையை என்ஸோவிடம் அரை மணித்தியாலம் ஒப்படைத்துவிட்டு இரண்டு பேரும் முன்னங்கியோடேயே பஸ்ஸடிக்கு வந்தார்கள். ரஜனியின் தொண்டை முழுக்கப் போய்விட்டது. வாய் அசைகிறது, காற்றுத்தான் வருகிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு நிறையச் சொல்ல முயன்றாள். பிறகு சிவம் அண்ணையைப் பார்த்தாள்.

"அடுத்தமுறை பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்" என்றார் அவர். "சின்னப் பெட்டியோட வரட்டாம். நீங்கள் நல்லாய் மெலிஞ்சு போனியளாம், அங்கை ஒழுங்காச் சாப்பிடுறேல்லை எண்டு நினைக்கிறா." ரஜனி தலையாட்டினாள். அவர் இன்னும் நிறையச் சொன்னார், எங்கே அவளுடையது முடிந்து எங்கே அவருடையது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் ஏறி, கடல் தெரிகிற பக்கம் இருந்தேன். கதவு மூடிவிட்டது. அப்போது சிவம் அண்ணை நடைபாதையில் நின்று, "போட்டு வாங்கோ தங்கச்சி" என்று ஒரு குரல் கொடுத்தார். அரங்கு வாசலில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. யாரோ ஏறப்போகிறார்கள் என்று நினைத்து, சாரதி கதவைத் திரும்பவும் திறந்தார்.