ஈட்டியில் கட்டிய கவ்வாத்துக் கத்தி

எங்கள் தோட்டத்துக் கோயிலில் பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளை நடிப்போம். அந்த வருடம் நான், இயேசுவின் விலாவில் ஈட்டியால் குத்தும் படைவீரன். சிலுவையில் என் தங்கை புருஷன். அட்டை ஈட்டிமுனை மழையில் ஊறிப்போனதால், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியையே கம்பில் கட்டிக்கொண்டேன்.

“பாத்துக் குத்துங்க மச்சான், ஒங்க தங்கச்சி பாவம்!” என்று சிரித்தார்.

கோயில் காவலுக்கு நின்ற சிங்கள ஆமிக்காரர் கத்தியைத் தொட்டுப் பார்த்தார். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாரே பாருங்கள்: “ஐயா, துவக்கு நான் விரல் வச்சாத்தான் சுடும். இது, நீங்க தடுக்கினாலே வெட்டும்.”

கழற்றிவிட்டேன். வெறுங்கம்போடு நெருங்கும்போது சேற்றில் கால் வழுக்கி, கம்பு மச்சானின் விலாவில் பலமாக இடித்தது. அவர் முனகியதை நடிப்பென்று நினைத்துச் சனங்கள் அழுதார்கள். நான் வசனத்தை விட்டுவிட்டு, கத்தியில்லாத கம்புமுனையைத் தடவிப் பார்த்தேன்.