ஐம்பது டிகிரியில் ஒரு புரதம்

ஸ்வெட்டர் அக்கா புரதத்தை வேகவைத்துவிட்டாளாம். காபி இயந்திரத்தருகே கிளம்பிய இந்தப் பேச்சு, ஆய்வுக்கூடத்தின் மாடியேறுவதற்குள் “கருக்கிவிட்டாள்” என்று வளர்ந்திருந்தது. ஏசிக்குப் பயந்து ஸ்வெட்டரோடு திரிகிறவளா கருக்குவாள்? விசாரித்தால், அவளிடம் அடுப்பே இல்லை, கணினிதான். கொழுப்பு மூலக்கூறுகளை இரண்டு அடுக்காக நிறுத்தி ஒரு செல்சவ்வு, நடுவே ஒரு புரதம், சுற்றிலும் தண்ணீர். எல்லாம் கணக்கு. வெப்பநிலையையும் அவளே சொல்ல வேண்டும். ஐம்பது டிகிரி என்றுவிட்டாள். அதுதான் குற்றம்.

“மனுஷ உடம்பு முப்பத்தேழும்மா. உன் புரதத்துக்கு என்ன, ஜுரமா?” என்றார் பேராசிரியர். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சரியான பதில் இல்லையென்றால் இத்தனை மாத உழைப்பும் குப்பைக்கு. அவளுடைய ஒப்பந்த நீட்டிப்பும் கூடவே.

முதலில் அவளும் நல்லபிள்ளையாக முப்பத்தேழுதான் வைத்தாள். திரையில் கொழுப்பின் வால்கள் அணிவகுப்பு மாதிரி விறைத்து நின்றன. புரதம், மெழுகில் சிக்கிய ஈ. அந்தக் கொழுப்பு நாற்பத்தோரு டிகிரிக்குக் கீழே உறைகிற ரகம். ஏன் அதை எடுத்தாள்? முன்பிருந்தவர் விட்டுப்போன கோப்பு தயாராகக் கிடந்தது. புதிதாகக் கட்ட யாருக்குப் பொறுமை! சூட்டை ஏற்றினாள், சவ்வு இளகியது. ஆனால் புரதம் நிஜமாகவே வெந்து, அதன் சுருள்கள் அவிழ்ந்திருக்குமோ என்று அவளுக்கே உள்ளூர உதறல்.

முப்பத்தேழிலேயே இளகி நிற்கும் வேறொரு கொழுப்பில் அதே புரதத்தை ஓட்டி ஒப்பிட்டால் தெரிந்துவிடும். எல்லோருக்கும் பொதுவான பெரிய கணினிக்கோ நீண்ட வரிசை. பக்கத்து மேசைத் தாடிக்காரர் தன் முறையை விட்டுக்கொடுத்தார்.

“எடுத்துக்கோ தாயே. ஆனா திருப்பித் தரணும்.”

வெள்ளிக்கிழமை இரண்டு புரதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வைத்தாள். பேராசிரியர் மூக்கு திரையில் இடிக்கக் குனிந்தார்.

“சுருள் எதுவும் அவிழலையே!”

“அவிழலை சார்.”

“இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“முப்பத்தேழுல கொழுப்பு உறையுதுன்னு மூணு தடவை சொன்னேன் சார். மூணு தடவையும் ‘ம்’னீங்க.”

“ம்,” என்றபடி நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள்.

“வேலை நிலைச்சுதும்மா.”

“அப்பாடா! உன் புரதம் நல்லாயிருக்கா?”

“நல்லாயிருக்கு.”

“நீ சாப்பிட்டியா?”

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால், எதிரே தாடிக்காரர்.

“என் முறை எப்போ?”

“அடுத்த வாரம், சத்தியமா.”

அடுத்த வார வரிசையில் அவள் பெயரே மூன்று இடத்தில் இருக்கிறது. பேராசிரியருக்குப் புதிய கொழுப்பு ரொம்பவே பிடித்துவிட்டது, எல்லாவற்றையும் அதிலேயே ஓட்டச் சொல்லிவிட்டார். தாடிக்காரர் அந்த வரிசையை இன்னும் பார்க்கவில்லை.