இரண்டு மொட்டைத் தலைகள், ஒரே மஞ்சள் ஃப்ராக்

எங்கள் இரு பெண்களின் சிறு வயது வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டர் ஃபைல்களாக மாற்றி வாங்கினோம். கடைக்காரர் வைத்த பெயர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண்கள்தான். முதல் ஃபைலின் ப்ராபர்டீஸைத் திறந்து, படத்தில் யார், எந்த வீடு என்று அதற்குள்ளேயே எழுதினேன். ஒவ்வொன்றாகத் திறக்க அலுப்பாக இருந்ததால், மற்றவற்றின் விவரங்களை எக்ஸெல்லில் தனிப் பட்டியலாகப் போட்டுவிட்டேன்.

ஒருநாள் வைரஸ் வந்து கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சரிசெய்ய வந்த டில்லிக்காரரிடம், "பையா, வீடியோ பச்சா லோ" என்று, வீடியோவைக் காப்பாற்றச் சொல்லி ஹிந்தியில் கெஞ்சினேன். அப்படியே காப்பாற்றிக் கொடுத்தார். பட்டியலைப் பற்றிச் சொல்ல மறந்தது நான்தான். அது போய்விட்டது.

கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய பெரியவள் மாலினி, தான் முதன்முதலாக நடந்த படத்தை சிடியில் கேட்டாள். இருவரும் முதன்முதலாக நடந்த படங்கள் தனித்தனியாக இருந்தன. இரண்டிலும் மொட்டைத் தலை, அதே மஞ்சள் ஃப்ராக். சுவரை வைத்துக் கண்டுபிடிக்கலாமென்றால், டில்லியில் நாங்கள் அடுத்தடுத்து இருந்த கிட்வாய் நகர், லக்ஷ்மிபாய் நகர் அரசாங்க வீடுகள் இரண்டும் ஒரே அச்சு, ஒரே சுண்ணாம்பு.

"பெத்தவளுக்கே தெரியலையா?" என்றார் கணவர்.

"நீங்கதானே படம் புடிச்சீங்க, சொல்லுங்களேன்!"

அவரும் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார்; பிடிபடவில்லை. மாலினி சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சின்னவள் மட்டும் சும்மா இராமல் ரைட் க்ளிக் செய்தாள். "அம்மா, தேகோ, இங்க பாரு! அக்கா பேரு உள்ளயே இருக்கு!"

அலுப்பதற்கு முன் நான் எழுதிய அந்த ஒரே ஃபைல்!

இப்போது வாரம் ஒரு படமாகப் போட்டுப் பார்த்து, நினைவிருப்பதையெல்லாம் ஃபைலுக்குள்ளேயே எழுதுகிறேன். கடைசி வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: 'படம் பிடித்தவர் அப்பா.' பதினொரு கேசட்டில் ஒன்றில்கூட அவர் முகம் இல்லை.